பையர் எதைப் பார்க்க வருகிறார்?

மெர்ச்சண்டைசிங் வேலையில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் கொஞ்ச நாளாகவே என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, அடுத்த வாரம் ஃபாரின் பையர் கம்பெனிக்கு நேர்ல வர்றாருங்க. நல்ல பேர் வாங்கணும்னா என்னங்க்கா பண்ணணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிடப் பதிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பி ஓடிய கம்பெனிகள் என்ன பாடு பட்டன என்று திருப்பூரில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்றுதான் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதிலிருந்து புது நாடு, புது பையர் என்று எல்லாருமே தேடிக்கொண்டிருக்கிறோம். பழைய பையர் என்றால் ஒரு குறை கண்ணில் பட்டாலும் பழகிய பழக்கத்துக்குப் பொறுத்துக்கொள்வார். முதல்முறை வருகிறவர் ஏன் பொறுக்க வேண்டும்? அவர் பையில் இன்னும் நாலு கம்பெனி விலாசம் இருக்கும். பங்களாதேஷுக்கு டிக்கெட்டும் இருக்கும்.

இத்தனை வருஷத்தில் நான் தெளிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் பார்த்து அசந்துபோவதற்காக யாரும் பத்து மணி நேரம் விமானத்தில் வருவதில்லை. இவர்களை நம்பி என் பணத்தையும் என் சீசனையும் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். கைகுலுக்குவது, உடுத்துவது, உபசரிப்பது எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

நேரில் எதற்கு வருகிறார்?

1978ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் வாங்க மும்பைக்கு வந்தார். சரக்கு உண்மையில் உருவாகிற இடம் திருப்பூர் என்று தெரிந்ததும் இங்கேயே வந்து சேர்ந்தார். திருப்பூரின் ஏற்றுமதிக் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1981ல் ஐரோப்பாவின் பெரிய துணிக்கடை நிறுவனமான சி அண்டு ஏ வந்தது. 1985 வாக்கில் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, இன்று வருஷத்துக்கு 30,000 கோடியைத் தாண்டிவிட்டது.

அன்றைக்கு நேரில் வருவதைத் தவிர வேறு வழி கிடையாது. இன்றைக்கு விலை மெயிலில் போகிறது, சாம்பிள் கூரியரில் போகிறது, ஃபேக்டரியை வீடியோ காலில் சுற்றிக் காட்டிவிடலாம். அப்படி இருந்தும் ஒருவர் கிளம்பி வருகிறார் என்றால், இவற்றில் எதிலும் தெரியாத ஒன்றைப் பார்க்க வருகிறார். நாம் மெயிலில் எழுதியதும் இங்கே நடப்பதும் ஒன்றுதானா? வேலை தெரிந்தவர் யார், வெறுமனே தலையாட்டுகிறவர் யார்? சரக்கில் சிக்கல் வந்தால் முதலில் வாயைத் திறந்து சொல்லப்போகிறவர் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எதையும் நாம் வாயால் சொல்லப்போவதில்லை. அவர் தானாகவே பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வருவதற்கு முன்னால்

முதல் வேலை, அவர் யாருக்கு விற்கிறார் என்று தெரிந்துகொள்வது. அவருடைய வெப்சைட்டைத் திறந்து, அவர் விற்கும் டி-ஷர்ட்டுகளுக்குக் கீழே வாடிக்கையாளர்கள் எழுதியிருக்கும் குறைகளைப் படியுங்கள். "இரண்டு முறை துவைத்ததும் சுருங்கிவிட்டது", "கழுத்து ரிப் தொளதொளத்துவிட்டது", "கறுப்பு வெளுத்துவிட்டது" என்று அங்கே வரிசையாக இருக்கும். பையர் ராத்திரி தூக்கம் கெட்டு யோசிப்பது இந்த வரிகளைத்தான். நீங்கள் பேச்சோடு பேச்சாக, "உங்கள் கழுத்து ரிப்பில் லைக்ரா எத்தனை சதவீதம் போடுகிறீர்கள்? கொஞ்சம் கூட்டினால் தொய்வு குறையும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கம்பெனி பிரசெண்டேஷனில் அறுபது ஸ்லைடு போட்டுக் காட்டினாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

அடுத்தது சாம்பிள். ரேக்கில் நூறு பீஸ் தொங்கவிட்டால் எதுவும் கண்ணில் நிற்காது. அவருடைய கடைக்குப் பொருந்துகிற இருபத்தைந்து, முப்பது பீஸ் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: என்ன துணி, என்ன நூல் கவுண்ட், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு. அட்டையில் 160 ஜிஎஸ்எம் என்று எழுதியிருந்தால் துணி 160தான் இருக்க வேண்டும். வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டரைப் பையிலேயே வைத்திருக்கும் பையர்கள் உண்டு. கட்டர் வெட்டுவது 100 சதுர சென்டிமீட்டர். அந்தத் துண்டு தராசில் 1.6 கிராம் காட்டினால் 160. 1.48 காட்டினால், அட்டையில் எழுதியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

அதோடு, முக்கியமான ஸ்டைல் ஒவ்வொன்றிலும் துவைத்த பீஸ் ஒன்று தயாராக இருக்கட்டும். புது பீஸ் எந்தக் கம்பெனியிலும் அழகாகத்தான் இருக்கும்.

கலர் பேச்சு வரும் என்று தெரிந்தால் லைட் பாக்ஸை முதல் நாளே போட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சத்துக்கான டி65 பல்பும், ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 பல்பும் எரிய வேண்டும். இந்த வெளிச்சத்தில் ஒத்துப்போகிற ஷேடு அந்த வெளிச்சத்தில் விலகலாம். பையர் முன்னால் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தால், நம் டையிங் மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பலனில்லை.

வந்து இறங்கும்போது

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து திருப்பூர் வர ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். அழைத்துவரப் போகிறவர் காரிலேயே வியாபாரம் பேச ஆரம்பிக்க வேண்டாம். பயணக் களைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் பாட்டில், டிரைவர் நம்பர், அன்றைய நேர அட்டவணை இது மூன்றும் கிடைத்தால் போதும்.

மாலை, குங்குமம், ஆரத்தி பற்றிக் கேட்கிறார்கள். நம் ஊர் வழக்கம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் எளிமையாக, ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டும். அவரை நிற்கவைத்து முப்பது போட்டோ எடுத்து, அவர் அறைக்குப் போவதற்குள் ஃபேஸ்புக்கில் போடுவது கூடாது. எந்தக் கம்பெனிக்கு எந்த பையர் வந்திருக்கிறார் என்பது இந்தத் தொழிலில் ரகசியம். அவரைக் கேட்காமல் போட்ட ஒரு போட்டோ, இவர்களுக்கு வாய் நிற்காது என்று அவருக்குச் சொல்லிவிடும்.

பெண் பையர் என்றால் அவர் கை நீட்டினால் நாமும் நீட்டலாம். வணக்கம் எல்லாருக்கும் பொருந்தும். கூட வந்திருக்கும் ஆண் உதவியாளரைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கும் பழக்கத்தை நம் ஊர் முதலாளிகள் விட வேண்டும். முடிவு எடுப்பவர் பெரும்பாலும் அந்த அம்மாதான். ஜப்பானியர் என்றால் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்து, பேசி முடியும்வரை மேஜையில் எதிரிலேயே வைத்திருங்கள். சட்டைப் பையில் சொருகாதீர்கள், அதில் எதையும் கிறுக்காதீர்கள். ஜெர்மன்காரர் பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் அவரிடமே கேட்பது மரியாதைதான்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக, இஸ்திரி போட்டு, நாள் முழுக்க ஃபேக்டரிக்குள் நடக்கத் தோதாக இருந்தால் சரி. புடவையோ சுடிதாரோ கோட்டோ, நமக்குப் பழகியதைப் போடுவோம்.

பேச்சு தொடங்கிய பிறகு

மேஜையில் யார் உட்கார வேண்டும்? ஆர்டரை நாளைக்குப் பார்க்கப்போகிற மெர்ச்சண்டைசர் கட்டாயம் உட்கார வேண்டும், பேசவும் வேண்டும். முதலாளியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, மெர்ச்சண்டைசர் பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தால், முதலாளி இல்லாத நாளில் இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்று பையர் கணக்குப் போட்டுவிடுவார்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஜெர்மனியிலிருந்து குழந்தைகள் துணி வாங்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார். பிரிண்ட் போட்டது, எம்ப்ராய்டரி போட்டது என்று ரேக் நிறையத் தொங்கியது. அவர் எடுத்தது வெறும் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட். மேஜையில் விரித்து, இரண்டு தோளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து நீவிவிட்டார். பிறகு குனிந்து, அக்குளில் தொடங்கும் பக்கத் தையல் கீழே எங்கே போய் முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார். சிங்கிள் ஜெர்சிக்கு ஒரு குணம் உண்டு. துவைத்ததும் நூலின் முறுக்கு தளர்ந்து துணியையே ஒரு பக்கமாகத் திருகும். இடுப்பில் இருக்க வேண்டிய தையல் வயிற்றுப் பக்கம் ஏறிவந்துவிடும்.

அவர் வாயைத் திறப்பதற்குள், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எழுந்துபோய் அதே ஸ்டைலில் துவைத்த பீஸைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தாள். டேப்பை எடுத்து அவர் கண்ணெதிரே அளந்தாள். "மூன்று முறை துவைத்தது. தையல் 4 சதவீதம் நகர்ந்திருக்கிறது. உங்கள் மேனுவலில் வரம்பு 5 என்று படித்தேன், அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைத் துணி அடிக்கடி துவைபடும். இன்டர்லாக் துணிக்கு மாறினால் இந்தத் திருகல் பிரச்சினையே பெரிதாக இருக்காது. எடை கூடும், விலையும் கூடும்." தட்டுத் தடுமாறிய இங்கிலீஷ்தான். ஒரு வாக்கியம் பாதியில் நின்று மறுபடி தொடங்கியது. அதுவரை நின்றுகொண்டே பார்த்த அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தப் பெண்ணிடம்தான்.

"இங்கிலீஷ் சரியா வராதேங்க்கா" என்று பயப்படும் பிள்ளைகளுக்காகவே இதை விரிவாகச் சொன்னேன். உங்கள் துணியை உங்களுக்குத் தெரிந்தால் போதும். இலக்கணத்தை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இன்னொன்று, நம் தலையாட்டல். பக்கவாட்டில் நாம் ஆட்டுவது ஆமாமா, இல்லையா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா என்று வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். முடிவான எண்ணையும் தேதியையும் அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

"முடியாதுங்க" என்று சொல்லும் தைரியம்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா பையரும் ஒரு கட்டத்தில் நடக்காத ஒன்றைக் கேட்பார். விலையில் கேட்பார், தேதியில் கேட்பார். சிலர் நம்மைச் சோதிக்கவே கேட்பார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். "பண்ணிரலாமுங்க" என்பது யோசிக்கும் முன்பே வந்துவிடும். அந்த நிமிஷம் எல்லார் முகத்திலும் சிரிப்பு. நாற்பது நாள் கழித்து, கப்பல் போன பிறகு, அவ்வளவு சரக்கையும் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும்போது அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஏர் ஃப்ரைட் கட்டிய ஒரு ஆர்டரின் லாபம் மட்டும் போவதில்லை. அடுத்த ஆர்டரும் சேர்ந்து போகிறது.

ஒரு இங்கிலாந்து பையர் 40,000 பீஸை 45 நாளில் கேட்டார். அறையில் எல்லாரும் முதலாளி முகத்தைப் பார்த்தோம். அவர் புரொடக்‌ஷன் மேனேஜர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணா" என்றார். அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நூல் வர எத்தனை நாள், நிட்டிங் எத்தனை நாள், டையிங் எத்தனை நாள், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கூட்டினால் 65 நாள் வந்தது. "45 நாளில் முடியாது. டையிங்கை அவசரப்படுத்தினால் ஷேடு மாறும். உங்கள் கடைக்கு முதலில் வேண்டிய இரண்டு கலரைச் சொல்லுங்கள். அந்த நூல் கையிருப்பில் இருக்கிறது. 10,000 பீஸை 45ல் தருகிறேன், மீதி 65ல்."

பையர் தாளைத் தன் பக்கம் திருப்பி மேலிருந்து கீழே படித்தார். ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று பேக்கிங்கில் மட்டும் கேட்டார். பிறகு அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆர்டர் அந்தக் கணக்குப்படியே வந்தது.

கவனியுங்கள், அண்ணன் வெறுமனே முடியாது என்று சொல்லி நிறுத்தவில்லை. ஏன் முடியாது என்று காட்டினார், எது முடியும் என்று சொன்னார். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் நாளைக்கு "முடியும்" என்றால் அது முடிந்ததாகவே பையர் எடுத்துக்கொள்வார்.

ஃபேக்டரிக்குள்

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு எந்தப் பெரிய பையரும் தையல் லைனை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா, நடைவழியில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது, உடைந்த ஊசிக்குப் பதிவேடு இருக்கிறதா என்று கண் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்காக முதல் நாள் ராத்திரி பெயின்ட் அடிக்காதீர்கள். வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அவருக்காக இல்லாமல், உள்ளே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக வருஷம் முழுக்க வழியைத் திறந்து வைத்திருந்தால், அவர் எந்த நாள் வந்தாலும் நமக்கு வேலை கிடையாது.

லைனில் ஒடிசா, பிகார் பிள்ளைகளிடம் அவர் பேச்சுக் கொடுத்தால் நடுவில் புகுந்து நாம் பதில் சொல்லக் கூடாது. மொழிபெயர்க்கச் சொன்னால் அவர்கள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். யாரையும் எழுந்து நிற்கவைத்து வணக்கம் போடச் சொல்லவும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் அவர்களுக்குத் தெரியும். நாம் மழுப்ப வேண்டியதில்லை. நடந்ததைச் சொல்லி, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு இந்த ஊர் எவ்வளவு செலவு செய்து மாறியது என்பதையும் சொல்லுங்கள். நேரம் இருந்தால் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கே கூட்டிப்போங்கள். பட்ட அடியையும் எழுந்த கதையையும் சேர்த்துச் சொல்கிற ஊரை மதிக்காதவர் யாரும் இல்லை.

சாப்பாடும் பரிசும்

கொங்கு நாட்டு உபசரிப்பில் நமக்குப் பெருமை உண்டு; இருக்கட்டும். ஆனால் என்ன சாப்பிடுவார், எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வாரம் முன்பே மெயிலில் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவருக்கு அது உயிர் விஷயம். வாழை இலை போடுங்கள், பக்கத்தில் ஸ்பூனும் வையுங்கள். காரம் குறைந்தது இரண்டு வகை இருக்கட்டும். போதும் என்று சொன்னால் அது போதும்தான். இரண்டு மணிக்கு மீட்டிங் என்றால் சாப்பாடு ஒன்றரைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

விலை உயர்ந்த பரிசு வேண்டவே வேண்டாம். பல நிறுவனங்களில் ஊழியர்கள் பரிசு வாங்க வரம்பு வைத்திருக்கிறார்கள். பட்டுப்புடவையையும் வெள்ளி விளக்கையும் நீட்டி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவானேன்?

அன்று சாயங்காலம்

பையர் காரில் ஏறியதும் எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பேசியது அத்தனையையும் அன்று ராத்திரிக்குள் மெயிலாக எழுதி அனுப்புங்கள்: எந்த ஸ்டைல், எந்தத் துணி, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், எது இன்னும் முடிவாகவில்லை. நமக்குச் சாதகமில்லாத விஷயத்தையும் விடாமல் எழுத வேண்டும். லேப் டிப் (கலர் ஒப்புதலுக்கான சாயத் துணித் துண்டு) புதன்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் புதன்கிழமை கூரியர் நம்பர் அவர் கையில் இருக்க வேண்டும். பகலில் நம்மைப் பார்த்து அவர் மனதில் எழுதிக்கொண்டது சரிதானா என்று அவர் சரிபார்ப்பது இந்த மெயிலை வைத்துத்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, அடுத்த வாரம் பையர் வருகிறார் என்றால் நாளைக் காலை ஆபீஸ் போனதும் அவருடைய வெப்சைட்டில் குறைகளைப் படியுங்கள். ஐந்து ஸ்டைலை எடுத்துத் துவைக்கக் கொடுங்கள். புரொடக்‌ஷன் அண்ணனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உண்மையான தேதிகளை வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளியிடம் போய், "தேதி விஷயம் வந்தா நான் உள்ளதைத்தான் சொல்லுவேனுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவ்வளவும் செய்தவருக்கு அன்றைக்குக் கை நடுங்காது. நேராக அவர் கண்ணைப் பார்த்துப் பேச வரும்.